கொசு அண்டாத அறை

சிந்திய சர்க்கரை மூன்று நாளாக அப்படியே கிடந்தது.

அடுப்பு மேடையில், ஸ்டவ்வுக்கும் சுவருக்கும் நடுவே, ஒரு கரண்டி அளவு. திங்கட்கிழமை காலை நைட் ஷிப்ட் முடிந்து வந்து டீ போட்டபோது சிவராஜின் கை தவறிக் கொட்டியது. தூக்கம் கண்ணைச் சுழற்றியதால் அப்புறம் துடைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான். இன்று வியாழன். சர்க்கரை டியூப்லைட் வெளிச்சத்தில் கல் கல்லாக மின்னிக்கொண்டிருந்தது. ஒரு எறும்புகூட வரவில்லை.

ஈ எறும்பு அண்டாத வீடு என்று சிலர் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். அது சுத்தமான வீட்டுக்குச் சரி. சிவராஜின் அறையில் நேற்று முன்தினம் சாப்பிட்ட தட்டு கழுவாமல் கிடந்தது, அரிசி டப்பாவுக்கு மூடி இல்லை, மூலையில் வாழைப்பழத் தோல் கருத்துச் சுருண்டிருந்தது. அதிலும் ஒரு ஈ இல்லை. கரப்பான் இல்லை. கடைசியாக இந்த அறையில் பல்லி கத்திக் கேட்டது எப்போது என்று யோசித்துப் பார்த்தான். ஞாபகம் வரவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து ரொம்ப நேரம் அந்தச் சர்க்கரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மத்திகிரியில் மாட்டுப்பண்ணையின் பின்பக்கச் சுவரை ஒட்டி சரோஜம்மாள் கட்டி வாடகைக்கு விட்டிருந்த ஆறு லைன் வீடுகளில் கடைசி அறை அது. பின்னால் ஒரு சாக்கடை, அதற்கப்பால் சுவர், சுவருக்கு அப்பால் மாடுகள். கொசுவுக்கு இதைவிடத் தோதான இடம் கிடைக்காது. சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் வாசலில் நின்று வாயைத் திறந்தால் இரண்டு கொசுவாவது உள்ளே போய்விடும். மூன்று வருஷத்துக்கு முன்னால் சிவராஜ், கோவில்பட்டிக் கோபி, அரூர் முத்துமணி மூன்று பேரும் சேர்ந்து அறையை எடுத்தார்கள். மூன்று பேருக்கும் மூன்று கம்பெனி, மூன்று ஷிப்ட். எந்த நேரமும் ஒருத்தன் தூங்கிக்கொண்டிருப்பான். பகலில் தூங்க இருட்டு வேண்டும் என்று இரண்டு ஜன்னலையும் பேக்கிங் அட்டை வைத்து, பிரவுன் டேப் ஒட்டி மூடினார்கள். கதவுக்கடியில் இருந்த சந்தில் கம்பெனியில் மெஷின் துடைக்கக் கொடுக்கும் பனியன் வேஸ்ட்டைக் கொண்டுவந்து அடைத்தார்கள். பிளக் பாயிண்டில் கொசு லிக்விட் மெஷினைச் செருகினார்கள். அத்தோடு ஒரு சட்டமும் போட்டுக்கொண்டார்கள். மெஷினை யாரும் நிறுத்தக் கூடாது.

கம்பெனியில் அப்படித்தான். ஷிப்ட் மாறும்போது லேத்தை நிறுத்த மாட்டார்கள். ஓடுகிற மெஷினை அப்படியே அடுத்தவன் கையில் கொடுத்துவிட்டு, "மெஷின் ரன்னிங்ல இருக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வெளியே போக வேண்டும். அறையிலும் அதே வழக்கம் வந்துவிட்டது. வேலைக்குக் கிளம்புகிறவன் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே இருட்டைப் பார்த்து, "மெஷின் ரன்னிங்ல இருக்கு" என்பான். உள்ளே போர்வைக்குள் இருப்பவன் "ம்" என்பான். இருபத்துநாலு மணி நேரமும் அந்தச் சின்னச் சிவப்பு விளக்கு எரியும். மூன்று வருஷத்தில் கரண்ட் போன நேரம் தவிர ஒரு நாள்கூட அணைந்ததில்லை.

கோபிக்கு நிற்காத இருமல் வந்து ஊருக்குப் போய்விட்டான். முத்துமணி கிருஷ்ணகிரியில் மாம்பழக்கூழ் கம்பெனி ஒன்றில் சேர்ந்துவிட்டான். நாலு மாதமாக சிவராஜ் தனியாக இருந்தான். ஆனாலும் பழக்கம் போகவில்லை. ராத்திரி ஒன்பது மணிக்குச் செருப்பை மாட்டும்போது காலி அறையைப் பார்த்து, "மெஷின் ரன்னிங்ல இருக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் பூட்டினான். முதலில் அது தன்னைத்தானே கேலி செய்துகொள்வதுபோல இருந்தது. பிறகு சொல்லாமல் போனால் எதையோ மறந்துவிட்டுப் போகிற மாதிரி மனசு அடித்துக்கொண்டது.

அவனுக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருஷம். இரண்டு ஆம்பளைகள் இருந்த அறைக்குப் பெண்டாட்டியை எப்படிக் கூட்டிவருவது? சரிதா தளியில் அவள் அம்மா வீட்டிலேயே இருந்தாள். பாப்பா பிறந்து மூன்று மாதம் முடியப்போகிறது. வார லீவில் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வருவான். அவன் எடுத்தால் பாப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு வீறிட்டு அழும். "பழகலைல மாமா, அதான்" என்பாள் சரிதா. பெற்ற பிள்ளைக்கு அப்பன் வேற்றாளாக இருந்தால் அப்புறம் எதற்குச் சம்பாதித்து, எதற்கு வாழ்ந்து? ஞாயிற்றுக்கிழமை நல்ல நாள். அன்றைக்கு அவர்கள் இரண்டு பேரும் இந்த அறைக்கு வருகிறார்கள். வந்துவிட்டால் போதும். வேறு எதுவும் வேண்டாம் என்று இருந்தது அவனுக்கு.

சர்க்கரையை ஈரத் துணியால் துடைத்தெடுத்துவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனான்.

பண்ணை கேட்டுக்கு எதிரில் இருந்த டீக்கடையில் சாயங்காலக் கூட்டம். பெஞ்சில் ஐந்தாறு பேர் பேசிக்கொண்டே காலிலும் கழுத்திலும் பட் பட்டென்று அடித்துக்கொண்டிருந்தார்கள். அவன் கம்பெனியிலேயே வெல்டராக இருக்கும் ராமப்பன் கிளாஸைப் பிடித்த கையால் முழங்காலைச் சொறிந்தபடி சிவராஜைப் பார்த்தார்.

"ஏம்ப்பா சிவா, உன்ன மட்டும் ஒண்ணும் கடிக்கலையா? அரைமணி நேரமா பாக்கறேன், நீ பாட்டுக்கு சிலையாட்டம் உக்காந்திருக்கற."

"பழகிப்போச்சுங்கண்ணா."

"கொசுவுக்கா, உனக்கா?" ராமப்பன் சிரித்தார். "உன் ரத்தம் கசப்பு போல. இங்க பாரு, நம்ம ரெண்டு பேரு கையையும்."

அவர் தன் கையை அவன் கையோடு சேர்த்து வைத்தார். அவர் கையில் தடித்துத் தடித்துச் சிவந்திருந்தது. மேலே ஒரு புகைபோலக் கொசுக்கூட்டம் சுற்றியது. அதில் ஒன்று இறங்கி வந்து, சிவராஜின் மணிக்கட்டுக்கு நாலு விரல் உயரத்தில் நின்றது. சட்டென்று விலகிப் போய்விட்டது. இன்னொன்று வந்தது. அதுவும் அப்படியே விலகியது. ராமப்பன் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தன் கையை எடுத்துக்கொண்டார்.

டீ எந்த வாசனையும் இல்லாமல் சுடுதண்ணீராக இறங்கியது. பக்கத்தில் இருந்தவன், "இன்னிக்கு சாணி நாத்தம் தாங்கல" என்றான். சிவராஜ் மூச்சை இழுத்துப் பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. கீழுதடு ஊசி குத்துவதுபோல் சுறுசுறுத்தது, பிறகு மரத்துப் போனது. பல் டாக்டர் ஊசி போட்டது மாதிரி. கொஞ்ச நாளாகவே அப்படித்தான், விரல் நுனியிலும் அப்படித்தான். போன வாரம் லேத்தில் சீவி வந்த இரும்புச் சுருள் ஆட்காட்டி விரலைக் கிழித்து ரத்தம் சொட்டியபோது, பக்கத்து மெஷின்காரன் கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் அவன் குனிந்து பார்த்தான்.

வெள்ளிக்கிழமை காலை வந்து, பூட்டைத் திறந்து, கதவைச் சாத்தி, பனியன் வேஸ்ட்டைக் காலால் அழுத்தி அடைத்துவிட்டு டியூப்லைட்டை அணைத்தான். சிவப்பு விளக்கு மட்டும் மிஞ்சியது. வெளியே பால் வண்டி போனது, பள்ளிக்கூட வேன் ஹார்ன் அடித்தது, சரோஜம்மாள் யாரிடமோ தெலுங்கில் சத்தம் போட்டாள், ஒரு மாடு அடிவயிற்றிலிருந்து கத்தியது. அட்டையும் டேப்பும் பனியன் வேஸ்ட்டும் எல்லாவற்றையும் வடிகட்டி, தூரத்தில் வேறு ஏதோ ஊரில் நடக்கிற மாதிரி ஆக்கி உள்ளே விட்டன. பாயில் படுத்தான். பாய் லேசாகச் சூடாக இருந்தது. இப்போதுதான் யாரோ எழுந்து போனதுபோல. ராத்திரி முழுக்க யாரும் இல்லாத அறையில் பாய் எப்படிச் சூடாகும் என்று யோசிக்க ஆரம்பித்து, மூடிக் கிடக்கிற அறைதானே, புழுக்கம் என்று முடித்துக்கொண்டு கண்ணை மூடினான்.

மூச்சுச் சத்தம் கேட்டது.

நிதானமான மூச்சு. ஆழ்ந்து தூங்குகிறவனுடைய மூச்சு. இழுத்து, கொஞ்சம் நிறுத்தி, மெதுவாக விடுவது. இத்தனை நாளும் அதைக் கேட்டுக்கொண்டுதான் தூங்கியிருக்கிறான், தாலாட்டு மாதிரி, அதைப் பற்றி நினைத்ததே கிடையாது. இன்றைக்கு என்னவோ நினைத்தான். தன் மூச்சை அடக்கினான்.

இழுத்தது. நிறுத்தியது. விட்டது.

பிளக் பாயிண்ட் இருக்கிற மூலையிலிருந்து வந்தது சத்தம். முன்பு கோபி படுக்கிற இடம். எழுந்து லைட்டைப் போட்டான். சுவர், பிளக், பாட்டிலில் பாதி லிக்விட், கீழே வெறும் தரை. மூச்சுச் சத்தம் இல்லை. லைட்டை அணைத்துப் படுத்தான். நூறு எண்ணுவதற்குள் மறுபடி ஆரம்பித்தது.

போன் அதிர்ந்தது. சரிதா.

"தூங்கிட்டீங்களா மாமா? பாப்பா துணியெல்லாம் ரெண்டு பையில வெச்சிட்டேன். தொட்டில் கட்ட அங்க கொக்கி இருக்குதா?"

"இருக்குது. பாத்துக்கலாம்."

"கொசு இல்லாம இருக்குமா? இங்க நேத்து பாப்பா கன்னத்துல கடிச்சு வீங்கிப்போச்சு. அம்மா ஒரே புலம்பல்."

"இங்க கொசுவே கெடையாது."

"அப்ப சரி." சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். "மாமா, பக்கத்துல யாரு?"

"யாரும் இல்லையே."

"யாரோ தூங்கற சத்தம் கேக்குது. நல்லாக் கேக்குது. கோபியண்ணன் வந்திருக்காரா?"

"ஃபேன் சத்தம்" என்றான் சிவராஜ். ஃபேன் ஓடவில்லை. அவள் வேறு ஏதோ பேசி வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவன் சுவரில் முதுகைச் சாய்த்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, போன் வெளிச்சத்தை அந்த மூலையின்மேல் அடித்தபடியே உட்கார்ந்திருந்தான். போனில் சார்ஜ் தீர்ந்த பிறகும் உட்கார்ந்திருந்தான். தூங்கினானா இல்லையா என்று அவனுக்கே தெரியாது.

அன்றைக்குச் சாயங்காலம் கோபிக்குப் போன் போட்டான். எடுத்ததும் இருமல்தான் முதலில் வந்தது. நலம் விசாரித்து முடித்துவிட்டு, எப்படிக் கேட்பது என்று தெரியாமல் கேட்டான்.

"கோபி, நம்ம ரூம்ல படுத்திருக்கறப்ப உனக்கு எதாச்சும் சத்தம் கேட்டிருக்குதா? மூச்சு மாதிரி."

எதிர்முனையில் இருமல் நின்றது.

"கேட்டிருக்கேன்ணே. டெய்லி கேக்கும். நீங்க தூங்குதீகன்னுல்லா நெனச்சேன்."

"நீ தூங்கறப்ப நான் கம்பெனில இருப்பேன்டா."

"அப்பம் முத்துமணின்னு நெனச்சேன்." கோபி மெதுவாகச் சொன்னான். "ஒருநா அவன்ட்ட வெளாட்டாக் கேட்டேன், என்னலே இப்படி மூச்சு வாங்குதன்னு. நீதானடா வாங்குத, நான் ராத்திரி பூரா உன் சத்தத்துல தூங்கலன்னான். ரெண்டு பேரும் சிரிச்சிக்கிட்டோம். அண்ணே, நீங்க ஒரே ஆளா இருக்கீகளா அங்க?"

"ஆமா."

"வேலைக்குப் போவயில மெஷின் ரன்னிங்ன்னு சொல்லிட்டுப் போறீகளா?"

சிவராஜ் போனை மறுகாதுக்கு மாற்றினான்.

"சொல்லாதீங்கண்ணே" என்றான் கோபி. மறுபடி இருமல் வந்துவிட்டது. அதற்குமேல் அவனால் பேச முடியவில்லை.

அன்று ராத்திரி செருப்பை மாட்டிக்கொண்டு, வாயை இறுக மூடிக்கொண்டு கதவைச் சாத்தினான். பூட்டில் சாவியைத் திருப்பினான். கைப்பிடியிலிருந்து கையை எடுக்கும்போது உள்ளே, போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி, "ம்" என்று கேட்டது.

ஓடினான். கம்பெனி பஸ் ஏறுகிறவரை திரும்பிப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலை அறைக்குப் போகக் கால் வரவில்லை. பஸ் ஸ்டாப்பை ஒட்டி இருந்த ஜமீர் அகமதுவின் மளிகைக் கடை வாசலில் நின்றான். ரீஃபில், ஸ்ப்ரே, கொசுவத்தி எல்லாம் வாங்குவது அங்கேதான். அவனைப் பார்த்ததும் ஜமீர் பாய் வழக்கம்போல ரீஃபில் பாக்கெட் ஒன்றை எடுத்து வைத்தார். வைத்த கையை எடுக்காமல் அவன் முகத்தைப் பார்த்தார். மூக்கைத் துடைப்பதுபோலத் துண்டால் மூடிக்கொண்டு ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

"தப்பா நெனச்சுக்காத சிவராஜ். உம்மேலயே அடிக்குது அந்த மருந்து வாடை. வீட்ல எத்தன பேரு இருக்கீங்க?"

"ஒருத்தன்தான் பாய்."

"ஒருத்தனா? நானும் ஆறேழு பேராச்சும் இருப்பீங்கன்னுல்ல குடுத்துட்டிருந்தேன்." அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டைப்பெட்டியைத் தூரமாகப் பிடித்துப் படித்தார். "இதப் பாரு. காத்தோட்டமான எடத்துல உபயோகிக்கணும்னு போட்டிருக்கான். நீ ஜன்னல் தெறப்பியா?"

"மூணு வருஷமா தெறக்கல."

"எப்ப நிறுத்துவ?"

"நிறுத்த மாட்டோம் பாய்."

ஜமீர் பாய் அந்தப் பெட்டியை மறுபடி அலமாரியிலேயே வைத்துவிட்டார். "எம் பொண்ணு ஹீனாவுக்குச் சின்னதுல மூச்சு விசில் அடிக்கும். டாக்டரு மொதல்ல கேட்டது இதத்தான். அன்னிக்கே தூக்கிப் போட்டுட்டு வலை கட்டிட்டோம். நாளைக்குக் கைக்கொழந்தைய கூட்டியாறேன்னு சொன்னியே, அந்த ரூமுக்கா?"

அந்தக் கேள்வி சிவராஜின் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இத்தனை நாளும் தன்னைப் பற்றித்தான் பயந்துகொண்டிருந்தான். அந்த மூலைக்குப் பக்கத்தில் தொட்டில் கட்டக் கொக்கி இருக்கிறது என்று சொன்னவன் அவன்தானே. வெட்கமாக இருந்தது. அழுகை வந்தது. பாயிடம் ஒரு கொசுவலையையும் சோப்புத்தூளையும் வாங்கிக்கொண்டு, பட்டப்பகலில் அறையைத் திறந்தான்.

வெறி பிடித்தவன்போல வேலை செய்தான். டேப்பைக் கிழித்தான். மூன்று வருஷத்து அட்டை பாளம் பாளமாக வந்தது. ஜன்னல் கதவு துருவேறி இறுகியிருந்தது. சுத்தியலால் தட்டித் திறந்தபோது வெளிச்சம் வந்து விழுந்த தரையில், சுவரோரமாக, பொடிப்பொடியாக என்னவோ கருப்பாகக் குவிந்திருந்தது. தேயிலைத் தூள் என்று நினைத்துக் குனிந்தான். எல்லாம் காலும் இறக்கையும். மூன்று வருஷத்துச் சாவு. முறத்தில் கூட்டி அள்ளி எடுத்துப் போய்ச் சாக்கடையில் கொட்டினான். மெஷினைப் பிளக்கிலிருந்து பிடுங்கி, பாட்டிலோடு பையில் கட்டி, தெருக்கோடிக் குப்பைத்தொட்டியில் போட்டான். சுவரைச் சோப்புத்தண்ணீர் ஊற்றித் தேய்த்தான். பிசுபிசுவென்று மஞ்சளாக வழிந்தது. பிளக் பாயிண்டைச் சுற்றி மட்டும் எத்தனை தேய்த்தும் போகவில்லை. ஆள் உயரத்துக்கு, தோளும் தலையுமாக, ஒரு மஞ்சள் கறை நின்றது. அதன்மேல் காலண்டரை மாட்டினான்.

சரோஜம்மாள் வாசலில் வந்து நின்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"அப்பாடா, இப்பவாச்சும் தெறந்தியே தம்பி. இந்தப் பக்கம் வந்தாலே எனக்குத் தலைய சுத்தும். நாளைக்குத்தான வர்றாங்க?"

"ஆமாங்கக்கா."

"கோபி போய்ட்டானே, இன்னொரு தம்பி இன்னும் இருக்கானா? ராத்திரில நீ போன அப்பறம் உள்ள ஆள் சத்தம் கேக்குதே."

"இல்லக்கா. யாரும் இல்ல" என்று அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். பகல் பூராவும் இரண்டு ஜன்னலும் கதவும் திறந்தே கிடந்தன. காற்று இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போனது. சாயங்காலம் காதை வைத்துக் கேட்டான். மூச்சு இல்லை. ஒன்றும் இல்லை. இத்தனை சந்தோஷமாக அவன் ஷிப்டுக்குப் போய் வெகு நாளாகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு ஆட்டோ வந்து நின்றது. சரோஜம்மாள் ஆரத்தி எடுத்தாள். சரிதா வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்து, சுற்றிலும் பார்த்து, அவனைப் பார்த்துச் சிரித்தாள். சின்ன அறைதான். அவள் வந்ததும் வீடாகிவிட்டது. பால் காய்ச்சினாள், ரசம் வைத்தாள், பொரியல் செய்தாள். பாப்பா மட்டும் வந்ததிலிருந்து அழுதது. தொட்டிலில் போட்டாலும் அழுகை, வலைக்குள் போட்டாலும் அழுகை. சாப்பாடு முடிந்து இரண்டரை மணி ஆனபோது சரிதாவின் முகம் வாடிவிட்டது.

"கொஞ்சம் வெச்சுக்கங்க மாமா. ரெண்டு வாளி துணி ஊறுது. அலசிப் போட்டுட்டு வந்துடறேன்."

அவன் சட்டையைக் கழற்றிவிட்டுப் பாயில் மல்லாந்து படுத்தான். அவள் பாப்பாவை அவன் நெஞ்சின்மேல் குப்புறப் போட்டாள். வீறிட்டு அழப்போகிறது என்று பயந்தான். பாப்பா ஒருமுறை விசும்பியது. கன்னத்தை அவன் தோலில் வைத்து அழுத்தியது. மூக்கு நசுங்க மோந்தது. அழுகை அப்படியே அடங்கியது.

சரிதாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "பாத்தீங்களா. அப்பாவத் தேடித்தான் அழுதிருக்குது."

அவள் கதவை ஒருக்களித்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனாள். சிவராஜ் அசையாமல் கிடந்தான். நெஞ்சின்மேல் அந்தச் சின்ன எடை. கண்ணீர் காதுக்குள் ஒழுகியது, துடைக்கவில்லை. இதற்காகத்தான் இத்தனையும். வெளியே துணி துவைக்கிற சத்தம். ஜன்னலில் வெயில். மாடு ஒன்று கத்தியது. இந்த உலகத்தில் தனக்கும் ஒரு இடம் இருக்கிறது என்று நினைத்தான்.

ஜன்னல் வழியாக ஒரு கொசு வந்தது. மூன்று வருஷத்தில் அந்த அறைக்குள் அவன் உயிரோடு பார்த்த முதல் கொசு. வெயிலில் அதன் கால்கள் தெரிந்தன. அவனுக்கு விரட்டத் தோன்றவில்லை. வரட்டும், எல்லா வீட்டிலும் இருப்பதுதானே என்று பார்த்தான். அது தாழ்ந்து தாழ்ந்து வந்து பாப்பாவின் தலைக்கு மேல் வட்டமடித்தது.

கொசு விழுந்தது. பாப்பாவின் தலைமுடியில் விழுந்து, ஒரு காலை உதறி, அடங்கியது.

உம்மேலயே அடிக்குது அந்த மருந்து வாடை என்று ஜமீர் பாய் சொன்னது ஞாபகத்துக்கு வந்தது.

"பாப்பா" என்றான். உதடு மரத்திருந்தது. வார்த்தை குழறியது.

விரலை நீட்டி பாப்பாவின் மூக்கடியில் வைத்தான். மூச்சு படுகிறதா? தெரியவில்லை. விரலே தெரியவில்லை. இன்னொரு விரலை வைத்தான். அதுவும் மரம். தலையைத் தூக்கி உதட்டைக் கொண்டுபோனான். உதட்டிலும் ஒன்றும் படவில்லை. நெஞ்சு துடிக்கிறது, ஆனால் அது அவன் நெஞ்சு. அந்தத் துடிப்பில் பாப்பா மேலும் கீழும் அசைகிறது. அது அவன் அசைவு.

கேட்டது. மூச்சு. நிதானமாக இழுத்து, விடுகிற மூச்சு.

அப்பாடா என்று கண்ணை மூடிக்கொண்டான். தூங்குகிறது. தூங்கட்டும். சாமி, என் பிள்ளை தூங்குகிறது.

இழுத்தது. நிறுத்தியது. விட்டது.

கண்ணைத் திறந்தான். சத்தம் நெஞ்சின்மேல் இருந்து வரவில்லை.

காலண்டர் ஆடிக்கொண்டிருந்தது. இழுக்கும்போது சுவரோடு ஒட்டியது. விடும்போது விலகியது. வெளியே காற்று இல்லை.

எழ வேண்டும். கை எழவில்லை. கால் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. வெளியே சரிதாவின் குரல், சரோஜம்மாளிடம் பேசிக்கொண்டிருந்தாள். சிரிப்பு கலந்த குரல்.

"பொறந்ததுல இருந்து பகல்ல ஒரு நிமிஷம் தூங்கினதில்லக்கா. அவங்கப்பா மேல போட்டேன், பொட்டுச் சத்தம் இல்ல."

கூப்பிட்டான். நாக்கு புரளவில்லை. "ம்" என்று மட்டும் வந்தது. அது தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று அவனுக்குச் சந்தேகமாக இருந்தது.

காலடிச் சத்தம். ஜன்னலில் சரிதாவின் முகம். ஈரக் கை, நெற்றியில் ஒட்டிய முடி. உள்ளே பார்த்தாள். புருஷன் நெஞ்சில் பிள்ளை. அவள் முகம் மலர்ந்தது. அவன் கண்ணை அகல விரித்து அவளைப் பார்த்தான். பார், சரிதா. வா. எடு. அவள் உதட்டில் விரலை வைத்தாள். பேசாதீங்க, எழுந்துரும்.

"வெளிச்சம் மூஞ்சில அடிக்குது பாருங்க" என்றாள் ரகசியமாக.

வெளியிலிருந்து ஒரு ஜன்னல் கதவைச் சாத்தினாள். சத்தம் வராமல், கையைக் கொடுத்து, மெதுவாக. பின்பக்கம் சுற்றிப் போய் இன்னொரு ஜன்னலைச் சாத்தினாள். வாசல் பக்கம் வந்தாள். ஒருக்களித்த கதவில் இருந்த வெயில் கோடு ஒல்லியாகி, நூலாகி, போய்விட்டது.

இருட்டு.

அவன் மூச்சை அடக்கிக்கொண்டு, நெஞ்சின்மேல் இருந்த ஐந்தரைக் கிலோ எடை ஒரே ஒருமுறை அசைந்துவிடாதா என்று காத்திருந்தான். வெறும் தரையாகக் கிடந்த மூலையில் யாரோ பாயை விட்டு எழுந்தார்கள்.